ஐரோப்பாவில் கோடைக்கால ஊழியப் பயணம்: முதன்முறை போகிறவர்களுக்கு

நீங்கள் தன்னார்வலராகச் சேரும் கிறிஸ்தவ ஊழியக் குழு எந்த ஊரில் கூடுகிறது, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு? இந்த மூன்றும் எழுத்தில் கைக்கு வரும்வரை விமான டிக்கெட் பார்க்கவே உட்காராதீர்கள். மலிவாகக் கிடைத்தது என்று பாரிஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டு, குழு கூடுவது ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில் என்று அப்புறம் தெரிந்துகொண்டவர்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். மிச்சம் பிடித்த காசு ரயிலுக்குப் போய்விடும். ஒரு நாள் தூக்கமும் போய்விடும்.

கணக்கைக் கடைசியிலிருந்து போடுங்கள். சனிக்கிழமை மாலை 4 மணிக்கு அறிமுகக் கூட்டம் என்றால், வெள்ளி இரவே அந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ படுத்திருக்க வேண்டும். அப்படியானால் வியாழனன்று, தப்பினால் வெள்ளி காலையில், ஐரோப்பாவில் இறங்கியிருக்க வேண்டும். ஒரு நாள் வீண் என்று தோன்றும். ஆனால் தாமதமாக வரும் ஒருவருக்காக உள்ளூர்ச் சபையில் யாரோ ஒருவர் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, இரவு 11 மணிக்கு ரயில் நிலையத்தில் கார் வைத்துக்கொண்டு காத்திருப்பார். உதவி செய்யப் போன இடத்தில் முதல் நாளே பாரமாகிவிடக் கூடாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் எல்லாமே இந்த ஒரு கவலையிலிருந்து வருவதுதான்.

யாரோடு போவது

ஐரோப்பாவில் கோடைக்கால ஊழியக் குழுக்கள் புதிய விஷயமல்ல. ஓ.எம். என்கிற ஆபரேஷன் மொபிலைசேஷன் 1960களின் தொடக்கத்திலேயே இளைஞர்களை வண்டிகளில் ஏற்றிக் கோடையில் அனுப்பியது. 1960இல் தொடங்கிய ஒய்வாம் (யூத் வித் எ மிஷன்) அமைப்புக்கு இன்று பல ஐரோப்பிய நாடுகளில் மையங்கள் உண்டு. இவை தவிர, சபைகள் தாங்களே நடத்தும் சிறு குழுக்களும் நிறைய. வேலையும் பலவிதம்: பிள்ளைகள் முகாம், ஆங்கில முகாம், அகதிகள் நடுவே உதவி, ஊர்ச் சதுக்கத்தில் பாட்டும் சாட்சியும் (கடவுள் தன் வாழ்வில் செய்ததைச் சொல்வது), பழைய சபைக் கட்டடத்துக்கு வெள்ளையடிப்பது. கடைசியில் சொன்னதைத் தாழ்வாக நினைக்காதீர்கள். மொழி தெரியாத ஒருவர் முதல் வாரத்தில் உருப்படியாகச் செய்யக்கூடியது பெரும்பாலும் அதுதான்.

சேருமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். உங்களை அழைப்பது அந்த ஊர்ச் சபையா, அல்லது வெளியிலிருந்து வரும் குழு மட்டும்தானா? கட்டும் தொகையில் எதெல்லாம் அடக்கம்? குழு கூடும் இடம்வரையிலான பயணச் செலவு பொதுவாக உங்களுடையது. விசாவுக்கு அழைப்புக் கடிதம் தருவார்களா, எத்தனை நாளில்? பிள்ளைகளோடு வேலை என்றால் காவல்துறை நற்சான்று கேட்பார்களா? கேட்காத அமைப்பைப் பற்றி நான் இன்னொரு முறை யோசிப்பேன். அந்தச் சான்று வாங்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால் விசா வேலையோடு சேர்த்தே தொடங்கிவிடுங்கள்.

விசா: பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி

ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள். ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாகச் சேர்ந்துவிட்டன. ஒரே விசாவில் இவற்றுக்குள் சுற்றலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் இல்லை. அல்பேனியா, செர்பியா, போஸ்னியா, வடக்கு மாசிடோனியா போன்ற பால்கன் நாடுகளும் இல்லை. ஊழியக் குழுக்கள் அதிகம் போகும் இடங்களில் பாதி இந்தப் பட்டியலுக்கு வெளியே இருப்பதுதான் சிக்கல்.

இந்தியா, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். மலேசியா, சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டுக்குக் குறுகிய காலத் தங்கலுக்கு விசா வேண்டாம். ஆனால் எல்லாருக்கும் ஒரே உச்சவரம்பு: எந்த 180 நாளை எடுத்துப் பார்த்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. வசந்தத்தில் ஒருமுறை உறவினரைப் பார்க்கப் போய்வந்திருந்தால் அந்த நாட்களும் கணக்கில் சேரும்.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டில். மூன்று வாரம் செக் நாட்டில் முகாம், இறங்குவது பிராங்க்பர்ட்டில் என்றால் விண்ணப்பம் செக் தூதரகத்துக்கு. ‘அந்த நாட்டு விசா சுலபமாகக் கிடைக்கும்’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். வழக்கமாக 15 நாளில் முடிவு வரும், 45 நாள்வரை இழுக்கவும் கூடும். கோடைக்கு முன் நேர்முக நேரம் கிடைப்பதே கடினம். ஜூலைப் பயணத்துக்குப் பிப்ரவரி, மார்ச்சிலேயே நேரம் பிடித்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டால் அது திரும்பி வராது. பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக, ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக, இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. இங்கே ஒரு சின்னக் குறிப்பு: ஏணியில் ஏறுவது, பிள்ளைகளோடு கால்பந்து ஆடுவது போன்ற தன்னார்வ வேலையில் அடிபட்டால் அந்தக் காப்பீடு ஏற்குமா என்று வாங்குமுன் கேட்டுவிடுங்கள். விசாவுக்கென்று விற்கும் மலிவான காப்பீடுகளில் சில இதை விலக்கிவைத்திருக்கும்.

அடுத்தது, பயண நோக்கம். படிவத்தில் ‘சுற்றுலா’ என்று டிக் அடிக்கச் சொல்லும் முகவர்கள் உண்டு. செய்யாதீர்கள். ‘பிற’ என்ற கட்டம் இருக்கிறது. அதில் கிறிஸ்தவ முகாமில் சம்பளமில்லாத் தன்னார்வலர் என்று எழுதி, அழைப்புக் கடிதமும் அதையே சொல்லும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் தேதிகள், தங்கும் முகவரி, செலவை யார் ஏற்கிறார்கள், அங்கே ஒருவரின் தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். சில நாடுகள் வெறும் கடிதத்தோடு விடாது. ஜெர்மனியில் உங்களுக்குப் பொறுப்பேற்பவர் அங்குள்ள அலுவலகத்தில் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று உண்டு. பிரான்சில் ஒரு வீட்டில் தங்குவதானால் அந்த வீட்டுக்காரர் நகராட்சியில் வாங்கித் தரும் தாள் ஒன்று உண்டு. அதற்கும் அவர்களுக்கு நாளாகும்.

விசா ஒட்டப்பட்ட பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உடனே மூடி வைக்காதீர்கள். மூன்று இடங்களைப் படியுங்கள். எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எத்தனை முறை நுழையலாம், மொத்தம் எத்தனை நாள் தங்கலாம். தேதி இடைவெளி 40 நாளாக இருக்கும், தங்கும் நாள் 25 என்று இருக்கும். பலர் இடறி விழுவது இங்கேதான். 25ஆம் நாளைத் தாண்டினால் மீறல்தான். ஒரே முறை நுழைய அனுமதி என்றால், இத்தாலியின் பாரி துறைமுகத்திலிருந்து அல்பேனியாவின் துர்ரஸுக்குக் கப்பல் ஏறியவுடன் உங்கள் ஷெங்கன் விசா முடிந்தது. திரும்பி வர முடியாது. பால்கன் பக்கம் போகும் குழுவென்றால் பலமுறை நுழையும் விசாவை விண்ணப்பத்திலேயே காரணத்தோடு கேளுங்கள்.

பிரிட்டன் தனிக் கணக்கு. அங்கே சாதாரணப் பார்வையாளர் விசாவில் வருபவர் பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் 30 நாள்வரை தன்னார்வ வேலை செய்யலாம். அதற்கு மேல் என்றால் வேறு விசா.

எல்லையில் என்ன சொல்வது

2025 அக்டோபர் 12 அன்று ஷெங்கன் எல்லைகளில் புதிய பதிவுமுறை தொடங்கியது. முத்திரைக்குப் பதிலாக முகப் படமும் கைரேகையும் கணினியில் ஏறும். நீங்கள் உள்ளே வந்த நாளும் வெளியே போன நாளும் அதில் பதிவாகிவிடும். வரிசை நீளும், ஆகவே இறங்கிய ஒன்றரை மணி நேரத்தில் அடுத்த விமானம் என்று போடாதீர்கள்.

அதிகாரி எதற்கு வந்தீர்கள் என்று கேட்பார். நாம் ‘ஊழியம்’ என்று சொல்லிப் பழகியவர்கள். அது ஆங்கிலத்தில் வாய் தவறி ‘வொர்க்’ என்று வெளியே வந்துவிடும். அந்தச் சொல் அவர் காதில் சம்பள வேலையாகத்தான் விழும். அப்புறம் ஒரு தனி அறையில் உட்கார வேண்டியிருக்கும். ‘வாலண்டியர்’, எத்தனை வாரம், எந்த ஊர், இதோ அழைப்புக் கடிதம், இதோ திரும்பும் டிக்கெட். அவ்வளவு போதும். தாள்கள் எல்லாம் கைப்பையில் அச்சிட்டு இருக்கட்டும். பேட்டரி தீர்ந்த போனில் இருக்கும் கடிதம் யாருக்கும் பயன்படாது.

பையில் ஒன்றைத் தவிர்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுபோகத் தடை. நெய், பால் இனிப்பு எல்லாமே அதில் அடங்கும். அம்மா அன்போடு கட்டிக்கொடுத்தது சுங்கத்தில் குப்பைத் தொட்டிக்குப் போவதைப் பார்ப்பது மனசுக்குக் கஷ்டம். குழுவின் பணத்தை ஒருவரே ரொக்கமாக எடுத்துப்போவதானால், 10,000 யூரோவோ அதற்கு மேலோ இருந்தால் அறிவிக்க வேண்டும்.

உள்ளே பயணம்: ரயில், பஸ், கப்பல்

ஒரு வழியை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். குழு கூடுவது ஹெர்ன்ஹூட்டில் என்று வையுங்கள். ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், போலந்து, செக் எல்லைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் சிற்றூர் அது. 1722இல் இன்றைய செக் நாட்டின் மொராவியாவிலிருந்து வந்த அகதிகள் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் குடியேறி உருவாக்கியது. 1732லேயே அங்கிருந்து மிஷனெரிகள் கரீபியன் தீவுக்குப் போனார்கள். ஒய்வாமின் மையம் ஒன்றும் அங்கே உண்டு. பிராங்க்பர்ட்டில் இறங்கினால் லைப்சிக், அங்கிருந்து டிரெஸ்டன், அங்கிருந்து லோபாவ் என்ற சின்ன நிலையம், கடைசியில் பஸ். விரைவு ரயில் பகுதி சுலபம். மாட்டிக்கொள்வது அந்தக் கடைசி பஸ்ஸில்தான். சிற்றூர்ப் பஸ்கள் வார இறுதியிலும் மாலையிலும் குறைந்துவிடும். ஆகவே வழி தேடும்போது கடைசிப் பஸ்ஸின் நேரத்தை முதலில் பாருங்கள், அதற்கேற்ப ரயிலைப் பின்னோக்கித் தேர்ந்தெடுங்கள்.

இந்த வழியில் ஒரு நாள் கையில் இருந்தால் லைப்சிக்குக்குப் பக்கத்திலிருக்கும் ஹாலேயில் இறங்கிப் பாருங்கள் என்பேன். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு படித்த ஊர். அங்குள்ள பிராங்கே நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. ஊழியத்துக்கென்று நாம் ஐரோப்பா போகிறோம், அவர்களோ முந்நூறு ஆண்டுக்கு முன் எதிர்த்திசையில் வந்தார்கள். சரி, வழிக்கு வருவோம்.

யூரெயில் பாஸ் வாங்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில், உள்ளே வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். பார்ப்பது குடியுரிமையை அல்ல, வசிப்பிடத்தை. 27 வயதுவரை சலுகை விலை. ஆனால் போக ஒரு பயணம், வர ஒரு பயணம், நடுவில் மூன்று வாரம் ஒரே ஊரில் என்றால் பாஸ் வீண். முன்கூட்டியே வாங்கும் தனி டிக்கெட்டே பெரும்பாலும் மலிவு. ஊர் ஊராகச் சுற்றும் குழுவுக்குப் பாஸ் சரிவரும். அப்போதும் பிரான்சின் டிஜிவி, இத்தாலி, ஸ்பெயினின் அதிவேக ரயில்கள், இரவு ரயில்கள் ஆகியவற்றில் பாஸோடு தனியாக இருக்கை முன்பதிவும் வேண்டும். பிரான்சில் பாஸ்காரர்களுக்கான இடங்கள் கோடையில் சீக்கிரம் தீர்ந்துபோகும். ஜெர்மனியில் பெரும்பாலான ரயில்களில் முன்பதிவு கட்டாயமில்லை.

தனி டிக்கெட் வாங்கும்போது, முடிந்தவரை தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த ரயிலில் உங்களை ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது. தனித்தனியாக வாங்கியிருந்தால் அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒரு மணி நேரத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 விழுக்காடு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் 50 விழுக்காடு இழப்பீடு கேட்கலாம். வெள்ளம், புயல் போன்ற அசாதாரணக் காரணங்களுக்கு விலக்கு உண்டு. விமானத்தில் வந்து இறங்கி ரயில் பிடிப்பதானால் நடுவில் மூன்று மணி நேரம் விடுங்கள்.

பெரிய ஊர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் உண்டு. பாரிஸில் லண்டன் ரயில் வந்து நிற்பது கார் து நோரில், தெற்கே போகும் ரயில் கிளம்புவது கார் து லியோனில். வெனிஸில் மெஸ்த்ரே என்பது நிலப்பகுதி, சாந்தா லூசியா என்பதுதான் தீவு. பலகைகளில் ஊர்ப் பெயர் அந்தந்த மொழியில்தான் இருக்கும்: வியன்னாவுக்கு வீன், மியூனிக்குக்கு மியுன்ஷன், பிராகுக்கு பிராஹா, ஃபிளாரன்சுக்கு ஃபிரென்ஸே. நடைமேடைக்கு ஜெர்மனில் கிளைஸ், இத்தாலியில் பினாரியோ, பிரெஞ்சில் வுவா. இத்தாலியில் உள்ளூர் ரயிலுக்குத் தாள் டிக்கெட் வாங்கினால், ஏறுமுன் நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் நுழைத்து முத்திரை வாங்க வேண்டும். மறந்தால் அபராதம், ‘எனக்குத் தெரியாது’ என்பது எடுபடாது. வேலைநிறுத்தமும் அங்கே சகஜம். முன்கூட்டியே அறிவிப்பார்கள், வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 மணிவரை உள்ளூர் ரயில்களில் குறைந்தபட்ச சேவை இருக்கும்.

இரவு ரயில் எனக்குப் பிடிக்கும். ஒரு நாள் மிச்சம், தங்கும் செலவும் மிச்சம். உட்காரும் இருக்கையை மட்டும் வாங்காதீர்கள், படுக்கைப் பெட்டிக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, இந்த ரயில்கள் நள்ளிரவில் பிரிந்து வெவ்வேறு ஊர்களுக்குப் போகும். எங்கள் குழுவில் ஒரு தம்பி கழிப்பறை தேடி நாலு பெட்டி தாண்டிப் போனான். காலியாக ஒரு இருக்கை கண்ணில் படவே அங்கேயே சாய்ந்து தூங்கிவிட்டான். விடிந்தபோது நாங்கள் ஒரு நாட்டில், அவன் இன்னொரு நாட்டில். பாஸ்போர்ட்டும் போனும் இடுப்புப் பையில் இருந்ததால் மாலைக்குள் வந்து சேர்ந்தான். அதனால் இரண்டு விஷயம்: பெட்டி எண்ணை மனப்பாடம் செய்யுங்கள், பாஸ்போர்ட்டை உடம்பை விட்டு இறக்காதீர்கள். ஷெங்கனுக்குள்ளேயே சில நாடுகள் தற்காலிக எல்லைச் சோதனை வைத்திருப்பதால் ரயிலிலும் பஸ்ஸிலும் அதைக் கேட்பார்கள்.

கிரீஸுக்குப் போகிறவர்கள் மேற்கு ஐரோப்பாவிலிருந்து ரயிலிலேயே போய்ச் சேரலாம் என்று எண்ண வேண்டாம். இத்தாலியின் அன்கோனா, பாரி, பிரிண்டிசி துறைமுகங்களிலிருந்து பத்ராஸுக்கும் இகுமெனிட்சாவுக்கும் கப்பல் உண்டு. மேல்தளப் பயணம் மலிவு, ஆனால் இரவில் காற்று அடிக்கும். தூங்கும் பை இருந்தால் தப்பித்தீர்கள்.

பை, காசு, போன்

தூங்கும் பையும் மெல்லிய பாயும் கட்டாயம். சபைக் கூடத்தின் தரையில் படுக்க நேரும். நீங்களே தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏற முடிகிற அளவுக்குத்தான் பை. மருந்தோடு மருத்துவர் சீட்டு. ஐரோப்பியக் கண்டத்தில் பெரும்பாலும் இரண்டு வட்டக் குச்சி பிளக், பிரிட்டனிலும் அயர்லாந்திலும் மூன்று தட்டைக் குச்சி.

எல்லா நாட்டிலும் யூரோ கிடையாது. குரோஷியா 2023இலும் பல்கேரியா 2026இலும் யூரோவுக்கு மாறின. போலந்தில் ஸ்லாட்டி, செக்கில் கொருனா, ஹங்கேரியில் ஃபொரிண்ட், அல்பேனியாவில் லெக். ஏடிஎம் உங்கள் ஊர்ப் பணத்தில் கழிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், மாற்று விகிதம் மோசமாக இருக்கும். நிலையக் கழிப்பறைக்குச் சில்லறை வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றில் வாங்கிய சிம் மற்ற ஒன்றிய நாடுகளில் கூடுதல் கட்டணமில்லாமல் ஓடும். சுவிட்சர்லாந்திலும் ஒன்றியத்தில் சேராத பால்கன் நாடுகளிலும் அந்த விதி இல்லை, எல்லை தாண்டியதும் டேட்டாவை அணைத்துவிடுங்கள். அவசரத்துக்கு 112.

போய்ச் சேர்ந்த பிறகு

உள்ளூர்த் தலைவர் சொல்வதே சட்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அங்குள்ள சட்டம் தெரியும். கிரீஸின் அரசியலமைப்பில் 13ஆம் பிரிவு மதமாற்ற முயற்சியைத் தடை செய்கிறது. அதன் கீழ் ஒருவரைத் தண்டித்தது தவறு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1993இல் கொக்கினாகிஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. இருந்தாலும் அந்த வரி அரசியலமைப்பில் அப்படியே இருக்கிறது. சோற்றுப் பொட்டலத்தோடு சுவிசேஷத் துண்டுத்தாளைச் சேர்த்துக் கொடுப்பது அங்கே மட்டுமல்ல, எங்குமே வேண்டாம். பசித்தவர் வேண்டாம் என்று சொல்ல முடியாது, அது நியாயமில்லை. பெற்றோர் சம்மதமில்லாமல் சிறுவர்களிடம் விசுவாசம் பற்றிப் பேசுவதும் படம் எடுப்பதும் கூடாது. அகதிகளின் முகத்தை ஜெபக் கடிதத்தில் போட்டு அனுப்பாதீர்கள், அவர்களைத் தேடுகிறவர்கள் ஊரில் இருக்கலாம். சதுக்கத்தில் ஒலிபெருக்கி வைக்க நகராட்சி அனுமதி வேண்டும், அதைத் தலைவர் வாங்கியிருப்பார்.

சாட்சியை மூன்று நிமிடத்துக்குள் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்போடு சேர்த்து ஆறு நிமிடமாகிவிடும். வாக்கியங்கள் சின்னதாக இருக்கட்டும். சபைக்குள் மட்டும் புரியும் சொற்களை எடுத்துவிடுங்கள், மொழிபெயர்ப்பவர் உங்களுக்கு நன்றி சொல்வார்.

வீட்டில் தங்கவைத்தால், 7 மணி என்றால் 7 மணிதான். ஜெர்மனியில் இரவு 10 மணிக்குப் பிறகு சத்தம் கூடாது, கூட்டு ஜெபத்துக்கும் இது பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஜூலையில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருப்பதால் தூங்கும் நேரம் தள்ளிப்போகும். முதல் இரண்டு நாள் கண்ணைக் கட்டிக்கொண்டாவது தூங்குங்கள்.

கிளம்புகிற வாரத்தில் செலவு ரசீதுகளைக் குழுவின் பொருளாளரிடம் ஒப்படையுங்கள். விமான, ரயில் டிக்கெட்டுகளை மட்டும் வைத்திருங்கள், அடுத்த விசாவுக்கு நாள் கணக்குக் காட்ட உதவும். தங்கவைத்த குடும்பத்தாரின் பெயரை அவர்களையே எழுதித் தரச் சொல்லி முகவரியோடு வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பியதும் ஒரு அட்டை போட வேண்டும், காதால் கேட்டதை வைத்து அந்தப் பெயர்களைச் சரியாக எழுத நம்மால் ஆகாது.